ஹாக்வீட்: வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பும் பராமரிப்பும்

ஹாக்வீட் என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுப் பூஞ்செடிகளின் பொதுப்பெயர். ஹையராசியம், பைலோசெல்லா என்னும் இரு நெருங்கிய பேரினங்கள் இதில் அடங்கும். ஐரோப்பாவின் மலைப்புல்வெளிகளும் பாறைச் சரிவுகளும் இவற்றின் முக்கியத் தாயகம். வறண்ட, சத்துக் குறைந்த மண்ணிலும் தளராமல் பூப்பதால் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இவற்றை விரும்பி நட்டனர். அதே உறுதியால் பல நாடுகளில் சில இனங்கள் கட்டுக்கடங்காத களையாகிவிட்டன.

தோற்றம்

இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரியும். அதன் நடுவிலிருந்து பூத்தண்டு எழும். ஒடித்தால் வெண்பால் கசியும். ஒரே பூவாகத் தெரிவது உண்மையில் பல சிறுபூக்களின் தொகுப்பு. அதில் நாக்கு வடிவச் சிறுபூ ஒன்றை உருவிப் பார்த்தால் நுனியில் ஐந்து சிறு பற்கள் தெரியும். பெரும்பாலான இனங்கள் மஞ்சளாகப் பூக்கும். பைலோசெல்லா ஆரான்டியாக்காவோ செம்மை கலந்த ஆரஞ்சு நிறம். அதன் தண்டில் கருநிற ரோமங்கள் அடர்ந்திருக்கும். முற்றிய விதை பஞ்சுக்குச்சம் தாங்கிக் காற்றில் பறக்கும்.

இனத் தேர்வு

வளர்ப்பவர் எடுக்க வேண்டிய முதல் முடிவும் முக்கியமான முடிவும் இதுவே. பைலோசெல்லா இனங்களில் பல தரையில் ஓடுதண்டுகளை விட்டு, கணுதோறும் வேரூன்றிப் பாய்போல் படரும். ஹையராசியம் இனங்களுக்கு ஓடுதண்டு கிடையாது. நட்ட இடத்திலேயே தூராக நிற்கும். ஆகவே வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னவையே ஏற்றவை. வெள்ளி ரோமம் போர்த்த இலைகளைக் கொண்ட ஹையராசியம் வில்லோசம் பாறைத் தோட்டங்களில் எடுப்பாக இருக்கும். ஹையராசியம் மாகுலேட்டம் கருஞ்சிவப்புப் புள்ளியிட்ட இலைகளுக்காகவே வளர்க்கப்படுகிறது.

வளர்ப்பு

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். மணலும் சரளையும் கலந்த ஏழை மண்ணில் செடி கட்டுக்கோப்பாக நிற்கும். உரமிட்டால் இலை கொழுத்துத் தண்டு சாயும். ரோமம் மிகுந்த இனங்களின் இலைக்கொத்தில் குளிர்கால ஈரம் தங்கினால் அழுகும் என்பதால், செடியைச் சுற்றிச் சரளை பரப்புவது நல்லது. வேர்பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு நெடிய வறட்சியில் மட்டும் பாய்ச்சலாம். வசந்தத்தில் விதைத்தோ தூரைப் பிரித்து நட்டோ பெருக்கலாம். வெப்பமண்டலச் சமவெளிகளுக்கு இது உகந்த செடியன்று.

பராமரிப்பு

பராமரிப்பில் பாதிக்கு மேல் கட்டுப்பாடுதான். இதழ் வாடியதுமே, பஞ்சு விரியுமுன், பூத்தண்டை அடியோடு நறுக்க வேண்டும். நறுக்கியதைத் தரையில் போட்டுவிடக் கூடாது; வெட்டிய தலையிலும் விதை முற்றக்கூடும். அதனால் உரக்குழிக்கும் அது ஆகாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் செடியின் இனப்பெருக்க முறை. பல ஹாக்வீட் இனங்கள் மகரந்தச் சேர்க்கை இன்றியே முளைக்கும் விதையைத் தரும். பட்டாணியில் மரபு விதிகளைக் கண்ட கிரிகோர் மெண்டல், அடுத்து ஹாக்வீட்டில் கலப்பு செய்து 1870இல் முடிவுகளை வெளியிட்டார். கலப்பினத்தின் சந்ததிகள் பட்டாணியைப்போல் பிரியாமல் தாயை அப்படியே ஒத்திருந்தன. 1903இல் டென்மார்க்கின் ரௌன்கியரும் ஆஸ்டன்ஃபெல்டும் மொட்டின் மேற்பகுதியைச் சீவி, மகரந்தப் பைகளையும் சூல்முடிகளையும் நீக்கிய பின்னும் விதை பிடிப்பதைக் காட்டினர். ஒற்றைச் செடியே ஒரு வயலை நிரப்பப் போதும் என்பதே தோட்டக்காரருக்கு இதன் பொருள்.

பரவலும் தடையும்

ஆரஞ்சு ஹாக்வீட் எனப்படும் பைலோசெல்லா ஆரான்டியாக்கா 1875இல் அழகுச் செடியாக அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து மேய்ச்சல் நிலங்களுக்குத் தாவியது. இன்று வாஷிங்டன் மாநிலத்தில் அதன் விற்பனைக்குத் தடை உண்டு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பைலோசெல்லா ஆஃபிசினாரம் புல்வெளிகளைப் பெரிதும் ஆக்கிரமித்துள்ளது. ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ தேசியப் பூங்காவில் களைந்தபின் எஞ்சிய ஹாக்வீட் செடிகளை மோப்ப நாய்களைக் கொண்டு தேடுகிறார்கள்.

அகற்ற விரும்புவோர் மண்ணைக் கொத்திப் புரட்டக் கூடாது. அறுந்த வேர்த்துண்டும் ஓடுதண்டும் புதிதாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டியெடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். புல்தரையில் உரமிட்டுப் புல்லை அடர்த்தியாக்குவதும் பலன் தரும். நடுவதற்கு முன் உள்ளூர்க் களைச் சட்டத்தைப் பார்ப்பதும், காட்டையோ மேய்ச்சல் நிலத்தையோ ஒட்டிய தோட்டத்தில் படரும் இனங்களை அறவே தவிர்ப்பதும் வளர்ப்பவரின் கடமை.