தேக்காவும் தாய்மார் மருத்துவமும்

சிராங்கூன் சாலையின் முகப்பை நாம் 'தேக்கா' என்கிறோம். மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் வழக்கின் திரிபு அது. அவ்விடத்துக்கு மலாய் மொழி இட்ட பெயர் 'கண்டாங் கெர்பாவ்', அஃதாவது எருமைத் தொழுவம். எருமைகள் மறைந்தபின் அப்பெயர் மருத்துவமனைக்கு உரியதாயிற்று. ஒரு தலைமுறைச் சிங்கப்பூரரிற் பெரும்பாலோர் அங்குப் பிறந்தனர். தொழுவத்திற் பிறப்பது சமய மரபில் இழிவும் அன்று.

ஆயினும் பெண்களின் உடல்நலத்தில் ஆட்சியாளர் முதலிற் காட்டிய அக்கறை தாய்மை பற்றியதன்று. நீரிணைக் குடியேற்றங்களில் 1870இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பதிவுபெற்ற விடுதிகளில் இருந்த பெண்கள் கட்டாயப் பரிசோதனைக்கு உள்ளாயினர். அங்குச் சென்ற ஆண்கள் உள்ளாகவில்லை. படைவீரரையும் மாலுமிகளையும் காப்பதே நோக்கம். இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பை அடுத்து அச்சட்டம் 1880களின் இறுதியில் நீக்கப்பட்டது.

பிள்ளைப்பேறோ வீட்டிலேயே நிகழ்ந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். கடல் கடந்து வந்தவளுக்குத் தாய்வீடு ஏது? 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிருந்த இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தனர். ஆதலின் அருகில் உதவிக்கு மூத்த பெண்டிர் அரியர். மலாய்ப் பீடானோ தமிழ் மருத்துவச்சியோ கிடைத்தால் பேறு. 1924 அக்டோபர் 1 அன்று கண்டாங் கெர்பாவ், 30 படுக்கைகள் கொண்ட இலவசப் பேறுகால மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. நகருக்கு வெளியேயோ, 1920களின் பிற்பகுதியில் வந்த ஐடா சிம்மன்ஸ் என்னும் தாதி, உள்ளூர்த் தாதியரைப் பயிற்றி வீடு வீடாக அனுப்பினார். படுக்கைகளைக் காட்டிலும் அந்த நடையே மிகுதியான உயிர்களைக் காத்தது என்பது என் கருத்து.

நடந்து சென்றால் மட்டும் போதாது; மொழியும் வேண்டும். தமிழ்ப் பெண் ஒருத்தி, "இரண்டு மாதமாக முழுகாமல் இருக்கிறேன்" என்றால், அவள் கருவுற்றிருக்கிறாள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டு மாதம் குளிக்காதவள் ஆவாள்! நீர் கழிக்கையில் எரிச்சலுற்றவன் 'உடம்பு சூடு' என்பானேயன்றிப் 'பால்வினை நோய்' என்னும் நூற்சொல்லைக் கூறான். இவ்வழக்குகளை அறிந்த தாதி ஒருத்தி அறையில் இருந்தாளா என்பதைப் பொறுத்தே பல வேளைகளில் சிகிச்சை அமைந்திருக்கும்.

போருக்குப் பின் பசித்த குழந்தைகளைக் கண்டு மனம் நொந்த கான்ஸ்டன்ஸ் கோ, நண்பர்களுடன் 1949இல் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தொடங்கினார். சமயத் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 1952இல் பம்பாயில் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் சிங்கப்பூரும் ஒன்று. நம் வழக்கில் இப்பணிக்கு நிலைத்த பெயர் 'குடும்பக் கட்டுப்பாடு'. மலாய் மொழி 'திட்டமிடல்' என்றது. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று.

1966இல் அரசின் குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம் அப்பணியை ஏற்றது. அதே ஆண்டில் கண்டாங் கெர்பாவில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரி நூற்றுக்கு மேல். அந்த எண்ணிக்கை கின்னஸ் நூலில் இடம்பெற்றது. வாரியத் தாதியர் பேறு முடிந்த தாயரிடம் கருத்தடை பற்றிப் பேசினர். வேறெங்கும் ஆலோசனை பெற வாய்ப்பில்லாத ஏழைத் தாய்க்கு அது பெரும் உதவி. பிள்ளை பெற்ற களைப்பில் கிடப்பவள் எத்துணைச் சுதந்திரமாக முடிவெடுப்பாள் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. 1970இல் கருக்கலைப்பும் விருப்பக் கருத்தடை அறுவையும் சட்டத்தில் இடம்பெற்றன. பின்னர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப அரசு மருத்துவமனையின் பேறுகாலக் கட்டணம் உயர்ந்தது. கருத்தடை அறுவை செய்துகொண்டோர்க்கு அது தள்ளுபடியாயிற்று. 1984இல், கல்வியும் வருமானமும் குறைந்த இளந்தாயர் இரண்டு பிள்ளைகளுக்குள் அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1987இல் கொள்கை திரும்பியது: வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்றனர். வசதியற்றவளிடம் அறுவையும் வசதியுள்ளவளிடம் மகப்பேறும் வேண்டியது ஒரே அரசு, அதுவும் மூன்றாண்டு இடைவெளியில்.

1997இல் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையின் புதுக் கட்டடத்திற்கு மாறியது. ஹேம்ஷியர் சாலையிலுள்ள பழைய கட்டடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. ஞாயிறு மாலை அப்பக்கம் நடந்தால் இன்றைய தேக்காவின் மக்களைக் காணலாம்: குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தமிழகத்து, வங்காளத்து ஊழியர்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்த ஆண் பெண் விகிதம் இங்கு மீண்டும் தென்படுகிறது. நடந்தே செல்லக்கூடிய தொலைவில், கிளந்தான் லேனில், பால்வினை நோய்க்கான மருந்தகம் உண்டு. பெயர் கூறாமல் எச்ஐவி சோதனை செய்துகொள்ளும் வசதியும் அங்கு ஏற்படுத்தப்பட்டது. ஆனால் எச்ஐவி உறுதியானவருக்கு வேலை அனுமதி கிடையாது. இல்லப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிகழும் கட்டாயப் பரிசோதனையிற் கருச்சோதனையும் அடங்கும். கருவுற்றவள் வேலையை இழக்க நேரும். மருந்தகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே செல்பவர் முதலில் எண்ணிப் பார்ப்பது ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தை.