கதைக்குக் கூலி கொடுக்காத ஊர்

தமிழனிடம் சினிமாவுக்குக் காசு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இலங்கைச் சினிமாவுக்கு முதல் போட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கொம்பனியைத் தொடங்கிய சேர் சிற்றம்பலம் கார்டினர் தமிழர். 1947இல் முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறந்துவ’வைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர். சினிமாஸ் லிமிற்றெட்டை நடத்தி, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘சந்தேசய’ உட்படப் பல சிங்களப் படங்களுக்குப் பணம் போட்ட கே. குணரத்தினம் யாழ்ப்பாணத்தார். ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்ரூடியோ 1983 யூலையில் எரிந்தபோது சிங்களப் படங்களின் நெகற்றிவ்களும் சேர்ந்தே சாம்பலாயின.

இவர்களில் எவரும் ஈழத்துத் தமிழ்ப் படத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. அதில் வன்மம் எதுவும் இல்லை, கணக்குத்தான் இருந்தது. சென்னையிலிருந்து எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் பெட்டியில் வந்து இறங்கும். வாங்கின விலைக்கு மேல் எத்தனையோ மடங்கு வசூல். உள்ளூரில் புது நடிகரை வைத்து, புதுக் கதை எழுதுவித்து, அது ஓடுமா என்று பார்த்துக்கொண்டிருக்க எந்த வியாபாரிக்குப் பொறுமை வரும்? யாழ்ப்பாணம் படம் பார்க்கும் ஊராகவே வளர்ந்தது. வெலிங்டன், றீகல், ராஜா, ராணி, மனோகரா, வின்சர், லிடோ, வித்யா, ஸ்ரீதர், சாந்தி என்று தியேற்றர் பெயர்களை என் வயதுக்காரர் நித்திரையிலும் சொல்வார்கள். இவ்வளவு திரைகள் இருந்த ஊரில் எடுக்கப்பட்ட படங்களை விரல் விட்டு எண்ணலாம்.

அந்தச் சில படங்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் அக்கறை. நான் கலியாண வீடியோக்காரன். நாஷனல் எம்-7 கமராவைத் தோளில் வைத்துத் தொழில் பழகியவன். ஒரு படச்சட்டத்துக்கு என்ன செலவாகும், யார் அதைக் கொடுப்பார், கொடுத்தவர் பிறகு என்ன கேட்பார் என்றுதான் என் புத்தி போகும்.

முதற்கட்டத்தில் காசு சொந்தப் பையிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ கதையைத் தழுவி எம். வேதநாயகம் 1966இல் ‘கடமையின் எல்லை’யை எடுத்தார். நாடக மேடையிலிருந்து வந்த ஏ. ரகுநாதன் 1968இல் ‘நிர்மலா’வைத் தயாரித்தார். பிறகு புலம்பெயர்ந்து, 2020இல் பாரிசில் கொரோனாவுக்குப் பலியாகும்வரை அவருக்குச் சினிமாப் பைத்தியம் விடவில்லை. 1972இல் ‘குத்துவிளக்கு’ வந்தது. தயாரித்தவர் வி. எஸ். துரைராசா, தொழிலால் கட்டடக் கலைஞர். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மீளக் கட்ட வரைபடம் போட்டவரும் இவரே. டபிள்யு. எஸ். மகேந்திரன் இயக்க, யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் கதையை யாழ்ப்பாணத்து மண்ணிலேயே படமாக்கினார்கள். கட்டடம் கட்டி உழைத்த காசு படத்துக்குப் போனது. இந்த மாதிரி ஆட்கள் ஒரு படத்தோடு நின்றுவிடுவார்கள். அடுத்த படத்துக்கு அவர்களிடம் ஆசை இருக்கும், முதல் இருக்காது.

இரண்டாம் கட்டத்தில் அரசு வந்தது. றெஜி சிறிவர்த்தன தலைமையில் 1962இல் அமைத்த விசாரணைக்குழு, சினிமாத் தொழில் சில கொம்பனிகளின் பிடியில் இருப்பதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதன் வழியாக 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் பிறந்தது. இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. தென்னிந்தியப் படங்களின் வரத்துக் குறைந்தது. பிரதியைப் பரிசீலித்துக் கடன் கொடுக்கும் முறையும் வந்தது. பலன் கண்முன்னே தெரிந்தது. 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’, 1976இல் ‘கோமாளிகள்’, 1977இல் ‘பொன்மணி’. 1978இல் மட்டும் ‘வாடைக்காற்று’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘நான் உங்கள் தோழன்’ என்று படங்கள் வரிசைகட்டின. ஈழத்துத் தமிழ்ச் சினிமா ஒரு தொழில் போலத் தோன்றிய காலம் அது ஒன்றுதான்.

இதில் ‘பொன்மணி’யைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். திரைக்கதை எழுதியவர் காவலூர் இராசதுரை, ஊர்காவற்றுறையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட எழுத்தாளர். சீதனத்தில் சிக்கிய வீடு, சாதி தாண்டிய காதல், அதற்குக் கிடைத்த தண்டனை. தென்னிந்தியப் படத்தின் ஆட்டமும் பாட்டும் இதில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சனம் யாழ்ப்பாணத்துக் கதையைப் பார்க்கத் திரண்டு வரவில்லை. படம் அதிக நாள் ஓடவில்லை. இன்றைக்கு இலங்கைத் தமிழ்ச் சினிமாவில் எது மிஞ்சியது என்று கேட்டால் விமர்சகர்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

‘கோமாளிகள்’ வேறு பாடம். எஸ். ராம்தாஸின் வானொலி நாடகம் அது. சனம் ஏற்கெனவே கேட்டுச் சிரித்த பாத்திரங்கள் திரைக்கு வந்தன, தியேற்றர் நிரம்பியது. ‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நாவல். அதில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரனும் வானொலியில் வளர்ந்தவர். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எழுதுகிறவனுக்குப் பிரதிக்குக் காசு கொடுத்த இடம் இலங்கை வானொலிதான். ஒவ்வொரு கிழமையும் நாடகம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு கிழமையும் யாரோ ஒருவர் வசனம் எழுதிப் பழகினார். திரைக்கதைப் பள்ளிக்கூடம் என்று எமக்கு எதுவும் இருக்கவில்லை. வானொலி நாடகப் பகுதியே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தது.

மூன்றாம் கட்டம் யுத்தம். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தியேற்றர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. ஸ்ரீதர் தியேற்றர் பின்னாளில் அரசியல் கட்சி ஒன்றின் அலுவலகமானது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை முற்றத்தின் கோடியில் வைத்து, வாடகைக்கு எடுத்த ரீவியையும் டெக்கையும் வாங்கின்மேல் ஏற்றி, ஊரே கூடிப் படம் பார்த்தது. ஜெனரேற்றரை உசுப்ப ஒரு மூடி பெற்றோல் வேண்டும். அந்த ஒரு மூடியைக் கண்டுபிடிப்பதே படத்தைவிடப் பெரிய கதையாக இருக்கும்.

அந்தக் காலத்திலும் படம் எடுத்தார்கள். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு கமராவும் காசும் கொடுத்தது. ந. கேசவராஜன் ‘பிஞ்சுமனம்’, ‘திசைகள் வெளிக்கும்’ போன்ற படங்களை அந்தச் சூழலில்தான் இயக்கினார். எத்தனையோ பெடியள் படப்பிடிப்பும் எடிற்றிங்கும் அங்கே பழகினார்கள். ஆனால் இயக்கத்தின் தேவைக்கு வெளியே கதை போக முடியாது. காசு கொடுப்பவர் கதையின் எல்லையையும் சேர்த்தே கொடுப்பார்.

2009க்குப் பிறகும் இந்த விதி மாறவில்லை, ஆள் மாறினார். தொண்டு நிறுவனங்கள் குறும்படப் போட்டி வைத்தன. நல்லிணக்கம், போதைப்பொருள், பால்நிலை சமத்துவம் என்று தலைப்பு முதலில் வரும், கதை பிறகு வரும். தலைப்பு நல்லதுதான். தலைப்புக்குக் கதை தைத்துப் பழகிய பெடியனுக்குச் சொந்தக் கதை எழுதும் கை வரச் சுணங்கும். ஒரு நிறுவனத்தின் போட்டிக்கு நான் கமரா செய்து கொடுத்த படத்தில், கடைசிக் காட்சியில் எல்லாரும் கைகோர்த்து நிற்கவேண்டும் என்று அலுவலகத்தில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். இயக்கிய தம்பி என்னைப் பார்த்தான். “கைகோர்த்தால்தான் மிச்சக் காசு வரும் அண்ணை” என்றான். கைகோர்த்தார்கள்.

இப்போதைய யாழ்ப்பாணத்துக் குறும்படத்துக்கு உண்மையில் முதல் போடுவது யார் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கலியாணம்தான். மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் இல்லை. கமரா, லென்ஸ், லைற், ட்ரோன் எல்லாம் பெட்டிக்குள் தூங்கும். அந்த நாட்களில்தான் பெடியள் வந்து கேட்பார்கள், நாங்களும் வாடகை இல்லாமல் கொடுப்போம். மார்கழி மழை இத்தனை குறும்படங்களில் பெய்வதற்கு அழகியல் காரணம் தேடவேண்டாம். கமரா கிடைத்த மாதம் அது.

நல்ல மாற்றங்களும் உண்டு. 2015இல் அனோமா ராஜகருணாவின் பொறுப்பில் யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா தொடங்கியது. உலகப் படங்களை இங்கத்தைப் பிள்ளைகள் உள்ளூரிலேயே பார்க்கிறார்கள், எடுத்தவர்களோடு கதைக்கிறார்கள். மதிசுதா ‘வெந்து தணிந்தது காடு’ படத்தை ஐபோனில் எடுத்தார். சனத்திடம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அதற்கு முதல். கமரா விலை இனிச் சாட்டு இல்லை என்று அந்தப் படம் காட்டிவிட்டது.

மிஞ்சி நிற்பது பழைய குறைதான். சொந்தப் பைக்காரர், கூட்டுத்தாபனம், இயக்கம், தொண்டு நிறுவனம், கூட்டுநிதி என்று ஐந்து வழிகளில் காசு வந்திருக்கிறது. ஐந்தும் படப்பிடிப்புக்கு வந்த காசு. கதை எழுதும் மாதங்களுக்குக் கூலி கொடுத்தவர் வானொலியைத் தவிர ஒருவருமில்லை. றொட்டர்டாம் விழாவின் ஹூபேர்ட் பால்ஸ் நிதியம் திரைக்கதையை வளர்த்தெடுக்க மட்டும் 10,000 யூரோ என்று பல ஆண்டுகள் கொடுத்து வந்தது. படம் எடுக்க அல்ல, எழுதித் திருத்தித் திரும்ப எழுத. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கூட்டுத்தாபனம் பெண் இயக்குநர்களுக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்து இயக்குநர்களுக்கும் தனித்தனியாக நிதி ஒதுக்குகிறது. அங்கேயும் முதலில் பிரதியைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பெடியளுக்கு இவை எட்டாததற்குப் பெரிய காரணம் விண்ணப்பம் எழுதும் பழக்கம் இல்லாமை. கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, செலவுத் திட்டம் மூன்றையும் ஒழுங்காக எழுதிக் காட்ட ஒருவர் இருந்தால் பாதிக் கதவு திறக்கும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபம் கட்டுகின்றன, மதில் கட்டுகின்றன, பெயர்ப்பலகை போடுகின்றன. அவர்களுக்கு ஒரு விலைக்கணக்கு சொல்கிறேன். இன்றைய கலியாணம் ஒன்றின் வீடியோ, அல்பம், ட்ரோன் எல்லாம் சேர்ந்த செலவில், இங்கே ஒரு பெடியனோ பெட்டையோ ஏறக்குறைய அரை வருடம் வேலைக்குப் போகாமல் இருந்து ஒரு திரைக்கதையை எழுதி முடிக்கலாம். வருடத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுங்கள். தலைப்புக் கொடுக்காதீர்கள். கமராவுக்கு மார்கழியில் எங்களிடம் வரட்டும்.