வாக்குரிமையும் வயதெல்லையும்: இலங்கை வரலாறு உணர்த்துவது

வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைத்தல் வேண்டுமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. ஒஸ்திரியா 2007இல் அவ்வயதினர்க்குத் தேசியத் தேர்தல்களில் வாக்குரிமை வழங்கியது. இளையோரிடம் அரசியல் முதிர்ச்சி இல்லை என்பர் இதனை எதிர்ப்போர். உண்டு என்பர் ஆதரிப்போர். இரு சாராரும் வயதெல்லையை முதிர்ச்சியின் அளவுகோலாகவே கொள்கின்றனர். ஆயின் இலங்கையின் வாக்குரிமை வரலாற்றை நோக்குமிடத்து, ஆட்சியில் பங்குபெறத் தக்கார் யாவர் என அவ்வக்காலத்தில் அதிகாரமுடையோர் வரைந்த கோடே வயதெல்லை என்பது புலனாகும்.

1931க்கு முன்னர் இந்நாட்டில் வாக்குரிமை சொத்து, வருமானம், கல்வி ஆகிய தகைமைகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளராயிருந்தனர். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. 1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, 21 வயதடைந்த ஆண்களுக்கும் 30 வயதடைந்த பெண்களுக்கும் வாக்குரிமை வழங்குமாறு 1928இல் விதந்துரைத்தது. முப்பது என்னும் எண் பிரித்தானியாவின் 1918ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுப் பெண்களுக்கு விதித்திருந்த வயதாகும். 1928இல் பிரித்தானியா அவ்வயதை 21 ஆகக் குறைத்தது. 1931இல் இலங்கையிலும் இருபாலார்க்கும் 21 வயதே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் இலங்கைப் பெண்களின் முதிர்ச்சி ஒன்பதாண்டு வளர்ந்துவிடவில்லை; ஆள்வோரின் நோக்கே மாறியது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் உள்ளிட்ட தலைவர் பலர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். கல்வியறிவற்ற பொதுமக்கள் வாக்கினைத் தக்கவாறு பயன்படுத்தமாட்டார் என்பது அன்று கூறப்பட்ட வாதங்களுள் ஒன்று. இன்று பதினாறு வயதினர்க்கு எதிராகக் கூறப்படுவதும் ஏறக்குறைய அதுவேயாம்.

அக்காலத்து இளைஞரின் அரசியற் சிந்தனைக்கு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தக்க சான்றாகும். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய அவ்வியக்கம், டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை எனக் கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரியது. வடபகுதியின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுத் தாக்கல் நிகழவில்லை. அவை அரசாங்க சபையிற் பிரதிநிதியின்றிக் கிடந்தன. அம்முடிவு விவேகமானதா என்பது குறித்து இன்றுவரை கருத்து வேறுபாடுண்டு. எனினும், இளைஞர் அரசியலைப் பற்றிச் சிந்தியாதவர் என்னும் கூற்றை அது பொய்ப்பிக்கிறது.

சுதந்திரத்தின் பின் இலங்கை இவ்விடயத்தில் முன்னோடியாயிற்று. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமராயிருந்த காலத்தில், 1959இல், வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1960 மார்ச் மாதப் பொதுத் தேர்தல் அவ்வடிப்படையில் நடைபெற்றது. பிரித்தானியா 1969இலும், ஐக்கிய அமெரிக்கா 1971இலும், இந்தியா 1989இலுமே இம்மாற்றத்தைச் செய்தன.

இப்பெருமைக்கு மறுபக்கமும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழருட் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் பறித்திருந்தன. 1947இல் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய அம்மக்கள் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதிருந்தனர். 1960இல் பதினெட்டு வயது இளைஞன் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தபோது, இந்நாட்டிலேயே பிறந்து, தேயிலைத் தோட்டத்தில் முதுமைவரை உழைத்த தொழிலாளி வெளியே நின்றார். அவரிடம் இல்லாதிருந்தது வயதன்று, குடியுரிமையே. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இனி, வாக்குரிமை பெற்ற இளைஞர் அரசியலில் உண்மையான இடம் பெற்றனரா என்பதும் நோக்கற்பாலது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையிற் கிளர்ந்தெழுந்தோர் பெரும்பாலும் கல்விகற்ற கிராமப்புற இளைஞர். பதினெட்டு வயதில் வாக்குப்பெற்ற முதற் தலைமுறையினர் அவர்களிடையே இருந்தனர். அதே பத்தாண்டில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரைப் பாதித்தது. எண்ணிக்கையிற் சிறுபான்மையினரான அவர்தம் வாக்கு அக்கொள்கையைத் தடுக்க வல்லதாயிருக்கவில்லை. வாக்கு உண்டு, ஆயின் அதனால் எதுவும் மாறாது என்னும் உணர்வு இரு பகுதியிலும் வேரூன்றியது. அதன் விளைவுகளை இந்நாடு பல்லாண்டுகள் அனுபவித்தது. 1990இல் வெளிவந்த இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை இவ்வமைதியின்மையின் காரணங்களை ஆராய முற்பட்டது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியல்களில் நூற்றுக்கு 40 இடங்களை இளைஞர்க்கு ஒதுக்கும் விதியும் அவ்வாண்டிலேயே எழுந்தது.

சட்டம் வழங்கும் உரிமை நடைமுறையிலும் கிட்டுதல் வேண்டும். வாக்காளர் இடாப்பு ஆண்டுக்கொரு முறை திருத்தப்பட்டமையால், குறித்த திகதிக்குப் பின்னர் பதினெட்டு வயதடைந்தோர் அடுத்த இடாப்பு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. துணை இடாப்புகளின் வாயிலாக இக்குறையை நீக்கும் திருத்தம் 2021இலேயே வந்தது. 1959இல் அளிக்கப்பட்ட உரிமை முழுமைபெற அறுபதாண்டுகளுக்கு மேல் சென்றன.

ஆகவே, முதிர்ச்சியின்மை என்னும் வாதத்தைக் காட்டி வயதெல்லையைக் குறைக்க மறுத்தல் வரலாற்றின்முன் நில்லாது. அவ்வாதத்தால் முன்னர் விலக்கப்பட்ட ஒவ்வொரு சாராரும் பின்னர் வாக்காளராயினர். எனினும், வயதைக் குறைத்தவுடன் கடமை முடிந்ததெனக் கொள்ளுதலும் தவறாகும். யாருடைய பெயர் இடாப்பில் இல்லை, யாருடைய வாக்கு எதனையும் அசைக்கவில்லை என்னும் இரு வினாக்களையும் உடன் எழுப்பும்போதே, வயதெல்லை பற்றிய விவாதம் பயனுடையதாகும்.