விலை எழுதிய வரிகளும் அவற்றைப் படிக்கும் நிரலும்

போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணிச் சரிவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் சரக்கு இறங்கிய வழியைத்தான் எழுதினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயில், 1908-இல் அது குறுகிய ரயில்பாதையாக மாறியது, அங்கிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய ரோப்வே, 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது, 1928-இல் போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது என எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கணக்கு இருக்கிறது. விலை இறங்கிய வழிக்கு அப்படி ஒரு வரலாறு இல்லை. மலையில் காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்பும் ஏலத்தோட்டக்காரருக்கு, அந்த வாரம் மொத்தச் சரக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு தேங்கியது என்பது எப்படித் தெரிந்தது? வியாபாரியின் பேரேட்டில் அது இருந்தது. பேரேடு வியாபாரியிடம் இருந்தது. ஏலக்காய்த் தொழிலின் கடந்த காலத்தை இந்த ஏற்றத்தாழ்வை வைத்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படிப் படித்தால் 2007 முக்கியமான ஆண்டு. நறுமணப் பொருள் வாரியம் அப்போது ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வாய்விட்டு விலை கேட்ட இடத்தில் கணினித் திரை வந்ததையே எல்லோரும் பெரிய மாற்றமாகச் சொல்கிறார்கள். ஆனால் தோட்டக்காரருக்குப் பெரிய லாபம், போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கும் ஒவ்வொரு ஏலமும் ஒரு வரியாக எழுதப்பட்டு, யாரும் பார்க்கும்படி வெளியானதுதான். தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட் எண்ணிக்கை, வந்த கிலோ, விற்ற கிலோ, உச்ச விலை, சராசரி விலை: ஒரு வரியில் இவ்வளவுதான். சர்வர் தான் செய்த வேலையை வரிவரியாக எழுதிவைக்கும் லாக் கோப்புக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை.

இத்தகைய வரிகளைப் படிக்க ஒரு சிறு கருவி 1977-லேயே பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் மூவரும் எழுதிய ‘ஆக்’ என்னும் நிரல்மொழி, வரியைப் பத்திகளாகப் பிரித்து, கேட்ட பத்தியை எடுத்துக் கூட்டித் தரும். இன்று அதன் மூலநிரல் யாருக்கும் இலவசம். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே நாளில் ஓர் ஏலத்தில் 60,000 கிலோ 1,500 ரூபாய் சராசரிக்கும், இன்னொன்றில் 20,000 கிலோ 1,700 ரூபாய் சராசரிக்கும் விற்றதாகக் கொள்வோம். இரண்டு சராசரிகளைக் கூட்டிப் பாதியாக்கினால் 1,600. எடையோடு பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் 1,550. கிலோவுக்கு 50 ரூபாய் வேறுபாடு, விற்கலாமா பொறுக்கலாமா என்ற முடிவையே மாற்றிவிடும். ஆண்டு முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போட ‘ஆக்’ நிரலில் இரண்டு மூன்று வரி போதும்.

கைபேசியில் அன்றாட விலை வரும்போது நிரல் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு 2019 பதில் சொல்கிறது. முந்தைய ஆண்டின் வெள்ளமும் பின்னால் வந்த வறட்சியும் செடிகளைக் கெடுத்திருந்த நிலையில், ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரெல்லாம் பரவியது அந்த எண். அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே இருந்தது. மூன்றே ஆண்டில் சராசரி ஆயிரத்துக்கும் கீழே போனது. உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கிச் செடி வைப்பதற்கும், சராசரியையும் தேங்கிய சரக்கையும் பல மாதம் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதற்கும் இடைவெளி பெரிது. ஒவ்வொரு தோட்டக்காரரும் நிரல் எழுதத் தேவையில்லை. ஒரு சங்கத்தில் கணினி தெரிந்த ஒருவர் இருந்தால் ஊருக்கே உதவும். மொழியும் தடையில்லை: 2022-இல், எண்பது வயதில், கெர்னிஹன் யூனிகோடு வசதியையும் ‘ஆக்’ நிரல்மொழியில் சேர்த்தார். பதிவுகளைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு பைட்டுகளாக அல்லாமல் யூனிகோடு குறிகளாக எண்ணிப் பிரிக்கலாம்.

கைபேசி பற்றிய கேள்வியைவிடக் கனமான மறுப்புகள் இரண்டு. காயின் பருமனும் பச்சை நிறமும் அந்த வரியில் இல்லை என்பது ஒன்று. உண்மைதான், சாம்பிளைக் கையில் உருட்டிப் பார்க்கும் கண்ணுக்கு எந்த நிரலும் ஈடாகாது. எனவே பதிவிலிருந்து ஒரு மூட்டையின் விலையைக் கணிக்கக் கூடாது, சந்தையின் போக்கை மட்டுமே கணிக்கலாம். மற்றொன்று, வியாபாரிகள் வாங்கிய சரக்கையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்ற விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. அப்படியானால் வரத்துக் கணக்கே ஊதிப்போகும், அதை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தும் பயன் குறைவு. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் குறை படிக்கும் கருவியில் இல்லை, எழுதும் வரியில் இருக்கிறது: லாட்டைக் கொண்டுவந்தவர் விவசாயியா வியாபாரியா என்று சொல்லும் பத்தி அதில் இல்லை. வந்த கிலோவை அப்படி இரண்டாகப் பிரித்து வாரியம் வெளியிட்டால், மறுவரத்தைக் கழித்துக் காட்ட நிரலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.