அமராவதி ஆற்றுக் காசு தேடல்

கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பழங்காசுகளைச் சேகரிக்கும் வழக்கம் உண்டு. சங்ககாலச் சேரர் காசுகளும் தேய்ந்துபோன ரோமானியச் செப்புக் காசுகளும் இங்கு கிடைத்துள்ளன. தலையாயது சேர அரசன் ‘மாக்கோதை’யின் வெள்ளிக்காசு: ரோமானியப் பாணியில் அரசனின் பக்கவாட்டு முகம், அதன் மேலே தமிழ்ப் பிராமியில் பெயர். சேரர் வரலாற்றுக்கு இவ்வளவு நேரடியான சான்று அரிது. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்ற ஆர்வலர்கள் சங்ககாலக் காசுகளைத் தேடிச் சேர்த்து, படித்து, நூலாக்கினர். இல்லாவிட்டால் பல காசுகள் உருக்கும் உலைக்குப் போயிருக்கும். ஆனால் ஆற்றில் புரண்டு வந்த காசுக்கு மண்ணடுக்குச் சான்று கிடையாது. எழுத்து, உருவம், எடை ஆகியவற்றைக் கொண்டே காலம் கணிக்க வேண்டும். வாழ்விட மேட்டைத் தோண்டிக் காசு எடுப்பதோ அங்கே இருக்கும் மண்ணடுக்குச் சான்றையும் அழித்துவிடும். மேலும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.