கண்ணாடி வீட்டிலிருந்து களுத்துறை வரை

மலைநாட்டில், பொகவந்தலாவையிலே, புனித மரியாள் ஆலயம் என்னும் சிறிய அங்கிலிக்கன் கோயில் ஒன்று உண்டு. அதன் சேமக்காலையில் கணவனும் மனைவியுமாக இருவர் அடக்கம் பண்ணப்பட்டிருக்கின்றனர். கணவர் சாள்ஸ் ஹே கமரூன். கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழுவின் உறுப்பினராய் வந்து, 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் வாயிலாக இலங்கையின் நீதிபரிபாலனத்துக்குப் புதிய அமைப்பை வகுத்தவர் என்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். மனைவி ஜூலியா மார்கிறற் கமரூனை இங்கு அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும், மனித முகத்தை நிழற்படமாக்கும் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவ்வம்மையாரை விலக்கிவிட்டு எழுத இயலாது.

அம்மையார் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைற் தீவிலே வாழ்ந்துகொண்டிருந்தபோது, 1863ஆம் ஆண்டு இறுதியில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமெராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. கோழிக்கூடு படம்பிடிக்கும் கண்ணாடி வீடாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. அந்நாளில் படம் எடுப்பது எளிதன்று. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன்னரே படத்தைப் பிடித்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும். ஒரு சிறு தூசி விழுந்தாலும் தகடு பாழ்.

அக்காலத்துப் படக்கூடங்கள் மனிதரை எவ்வாறு பிடித்தன? வண்ணந்தீட்டிய தூணொன்றின் அருகே தலைமுதற் கால்வரை நிறுத்திவைத்து, கையடக்கமான அட்டைகளாக அச்சிட்டுக் கொடுத்தன. சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரியும். முகமோ நகத்தளவே இருக்கும். கமரூன் அம்மையார் தூணையும் திரையையும் ஒதுக்கினார். பின்னே கரிய துணி. ஒரு புறத்திலிருந்து மட்டும் வெளிச்சம். கமெராவோ முகத்துக்கு மிக அருகில். 1866இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடுகள் கொள்ளும் பெரிய கமெரா அவர் கைக்கு வந்தபின், முகங்கள் ஏறக்குறைய உண்மையளவிலேயே பதிந்தன. இருப்பவர் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். சற்றே அசைந்தால் விளிம்புகள் மங்கும். அம்மங்கலைக் கண்டு தொழில்முறைப் படப்பிடிப்பாளர் நகைத்தனர். கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் இடத்திலேயே வில்லையைத் திருப்புவதை நிறுத்திவிடுவதாக அம்மையார் விடையிறுத்தார். அவர் படங்கள் யாவும் பாராட்டுக்குரியன அல்ல. சிறுவர்க்குச் சிறகு கட்டித் தேவதூதராக்கிய படங்கள் இன்று சலிப்பையே தருகின்றன.

முகத்தை மட்டும் நம்பி எடுத்த படங்களின் கதை வேறு. 1867இல் அவர் வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலைப் படம்பிடித்தார். நிழற்படம் மங்காது நிலைக்கச் செய்யும் இரசாயன முறைக்கு வழிகாட்டியவர் ஹேர்ஷலே. அவருடைய நரைத்த தலைமயிரைக் கழுவச் செய்து கலைத்துவிட்டார் அம்மையார். ஒளி பட்டதும் மயிர் வெண்சுடர்போல் எழுந்து நின்றது. முதுமையின் சுருக்கம் ஒன்றையேனும் அவர் மறைக்கவில்லை. விண்மீன்களை எண்ணிக் களைத்த கண்கள் அப்படத்திலே நம்மைப் பார்க்கின்றன.

1875இல் கமரூன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஆனால் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. களுத்துறையில் வாழ்ந்த நாள்களில் அம்மையார் எடுத்த படங்களுள் எஞ்சியவை சிலவே. ஈதர் கலந்த கொலோடியன் வெப்பத்திலே விரைந்து உலர்ந்துவிடும். இந்நாட்டு வெயில் அத்தொழிலுக்கு உகந்ததன்று. எனினும் ஊர் மக்கள் சிலரை அவர் படம்பிடித்தார்.

அவற்றுள் ஒன்று 1878இல் எடுத்தது. களுத்துறைக் குடியானவர் சிலர் அதில் காணப்படுகின்றனர். சிறுமிக்குப் பன்னிரண்டு வயதென்றும், கிழவர் தாமே அவளுடைய தந்தையென்றும் தமக்கு நூறு வயதென்றும் கூறுகிறாரென்றும் படத்தின் தலைப்பே விரிவாகச் சொல்கிறது. பெயரை மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்திலே அம்மையாரின் வீட்டுப் பணிப்பெண்ணாயிருந்து அவர் படங்களுக்கு மாதாவாக அமர்ந்த மேரி ஹிலியரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. நூறு வயதை உரிமைகொண்டாடிய களுத்துறைக் கிழவரிடம் வயதைக் கேட்டறிந்தவர், பெயரைக் கேட்டாரோ, கேட்டும் எழுதாது விட்டாரோ!

அடுத்த ஆண்டு, 1879 ஜனவரி 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். 1880இல் கணவரும் மறைந்து, பொகவந்தலாவையில் அவர் அருகே அடக்கம் பண்ணப்பட்டார்.