கோலார் தங்க வயல் வட்டாரத்துக் காட்டுப் பாலூட்டிகள்

கர்நாடகத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைகளை ஒட்டிக் கிடக்கும் கோலார் மாவட்டத்தின் சுரங்க நகரம் கோலார் தங்க வயல். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டத் தொடங்கி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட இச்சுரங்கங்களில் ஆழமானது மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. நிலத்துக்கு அடியில் நடந்ததைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. நிலத்துக்கு மேலே நடமாடிய விலங்குகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 70 செ.மீ. மழை பெறும் வறண்ட மேட்டுநிலம் இது. பாறைக் குன்றுகள், முட்புதர்கள், ஏரிகள், கேழ்வரகு வயல்கள், தைலமரத் தோப்புகள், சுரங்கம் கக்கிய சயனைடு மேடுகள் எல்லாம் கலந்த நிலப்பரப்பு. கிழக்கேயும் தெற்கேயும் இது கௌண்டின்யா, தளி, ஓசூர்க் காடுகளை நோக்கிச் சரிகிறது. இங்குள்ள பாலூட்டிகளில் உருவத்தில் பெரியது அண்மையில் குடிவந்தது. மிகச் சிறியவற்றுள் ஒன்று உலகில் வேறெங்கும் இல்லாதது.

யானை

கோலாரைத் தலைநகராகக் கொண்டு தொடங்கிய கங்க அரசர்களின் இலச்சினை யானை. ஆனால் அண்மைக் காலம் வரை இவ்வட்டாரத்து மக்கள் யானையைக் கோயிலிலும் சர்க்கஸிலுமே பார்த்து வந்தார்கள். ஆந்திரப் பகுதியில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகக் காட்டுயானை இல்லை என்பது வனத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து கிளம்பிய கூட்டங்கள் குப்பம், பலமநேர் பக்கம் நகர்ந்தன. வந்தவற்றில் சில திரும்பவே இல்லை. அவற்றுக்காகவே 1990-இல் சித்தூர் மாவட்டத்தில் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் கர்நாடக விளிம்புதான் பங்காருப்பேட்டை, பூதிக்கோட்டை, காமசமுத்திரம் ஊர்கள்.

ஆசிய யானை உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அருகிவரும்’ இனம். இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. சட்டத்தில் இதற்கு மேல் படி இல்லை. களத்தில் நிலைமை வேறு. மூன்று மாநில எல்லைகள் கூடும் இடத்தில் ஒரு கூட்டத்தைத் தமிழ்நாட்டு வனத்துறை வடக்கே விரட்டினால், ஆந்திரத் துறை மேற்கே விரட்டும். கர்நாடகத் துறை வந்த வழியே திருப்பும். நடுவில் அழிவது அறுவடைக்கு நிற்கும் கேழ்வரகும் தக்காளியும். பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் 2018 முதல் கோலார் ஏரிகளை நிரப்பத் தொடங்கிய பின், முன்பு தரிசாகக் கிடந்த இடங்களும் பச்சையாகின. யானைக்கு அது விருந்து. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது யானையையும் மனிதனையும் ஒருசேரக் கொல்லும் வழக்கம்; இன்னும் ஒழியவில்லை. தங்க வயலுக்கு அருகில், கோடிலிங்கேசுவரர் கோயிலால் பெயர்பெற்ற கம்மசந்திராவின் பெயரில் ஒரு காட்டுயிர்ச் சரணாலயத்தைக் கர்நாடக அரசு பின்னர் அறிவித்தது.

வெளிமான்

தமிழர்கள் கிண்டியிலும் கோடியக்கரையிலும் பார்த்துப் பழகிய அதே வெளிமான்தான் இங்கே கன்னடத்தில் கிருஷ்ணமிருகம். சங்க இலக்கியத்தின் இரலை. திருகு முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெள்ளை வயிறும் கிடாவுக்கு. பெட்டை வெளிர்பழுப்பு நிறம், கொம்பில்லாதது. அடர்காட்டில் இதற்கு வேலையில்லை. எதிரியைத் தொலைவிலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும் விலங்கு, அதனால் குட்டைப்புல் வெளிதான் வேண்டும். சுரங்க நிறுவனமும் பொதுத்துறைத் தொழிற்சாலையும் வளைத்துப் போட்டு, ஆனால் கட்டடம் எழுப்பாமல் விட்ட நிலங்கள் தற்செயலாக அதற்கு அந்த வெளியைக் கொடுத்தன. காலை வெயிலில் சாம்பல் நிறச் சயனைடு மேட்டின் அடிவாரத்தில் புல் மேயும் கூட்டத்தைக் காண்பவர்களுக்கு முதலில் நம்பிக்கை வராது. கிடா தன் எல்லையைச் சாணக் குவியலால் குறிக்கும். ஒரே குவியலில் திரும்பத் திரும்ப வந்து இடும். அதைப் பார்த்தே இங்கே மான் உண்டு என்று சொல்லிவிடலாம்.

சிவப்புப் பட்டியலில் வெளிமான் ‘கவலை குறைந்த’ இனம். சட்டத்திலோ முதல் அட்டவணை. உலகக் கணக்கில் கவலை இல்லை என்பதால் உள்ளூரில் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெருநாய்க் கூட்டங்கள், கண்ணி, சாலை மூன்றும் இதற்குப் பகை. அவற்றைவிடப் பெரிய பகை, ‘பயனற்ற நிலம்’ என்ற அரசுச் சொல். புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து அதில் தைலமரம் நட்டார்கள். 2017-இல் கர்நாடகம் புதிதாகத் தைலமரம் நடத் தடை போடுவதற்குள் கோலாரின் வெளிநிலம் பெரும்பகுதி தோப்பாகியிருந்தது. அடுத்த கட்டம் இப்போது. சுரங்க நிறுவனத்தின் மிச்ச நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்க மாநில அரசு முயல்கிறது. 13 கழிவு மேடுகளைக் கரைத்து எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் மாநில அமைச்சரவை இசைவு தந்தது. மேடுகள் பரவிய பரப்பு 1,003 ஏக்கர். வேலைவாய்ப்பு வறண்ட ஊருக்கு அது தேவைதான். மானுக்கு எந்த மூலை என்பதையும் அதே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

ஊனுண்ணிகளும் பிறவும்

சிறுத்தை (அழிவாய்ப்புள்ளது) பாறைக் குன்றுகளின் குகைகளில் ஒதுங்கி, நாயையும் ஆட்டையும் பிடித்துக் காலம் தள்ளுகிறது. கௌண்டின்யா பக்கக் காடுகளில் கரடி உண்டு; அதுவும் அழிவாய்ப்புள்ள இனமே. புலி இன்று இங்கே நிலைகொண்டு வாழவில்லை. வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் ஆட்கொல்லிக் கதைகளில் தெற்கே கிடக்கும் ஜவளகிரிக் காடு வருவதிலிருந்து பழைய நிலையை ஊகிக்கலாம். நரி, குள்ளநரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, கீரி, முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி ஆகியவை பரவலானவை. ஓட்டுவீட்டுப் பரணில் இரவில் தடதடக்கும் மரநாயைப் பேய் என்று நம்பியவர்கள் பல ஊரிலும் உண்டு. அலங்கு என்னும் எறும்புதின்னி அருகிவரும் இனம், செதிலுக்காகக் கடத்தப்படுவது. கோயில் வாசலில் தேங்காய் பிடுங்கும் குல்லாய்க் குரங்கையும் இனி எளிதாக எண்ண வேண்டாம். தென்னிந்தியாவுக்கே உரிய அவ்வினமும் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ளதாகிவிட்டது.

கோலார் இலைமூக்கு வௌவால்

ஹிப்போசிடெராஸ் ஹைப்போஃபில்லஸ் என்பது அறிவியல் பெயர். 1994-இல் டீட்டர் காக், எச். ஆர். பட் இருவரும் தனி இனமாக விவரித்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் பூச்சியுண்ணி. மூக்கின் மேல் இலைபோல் மடிந்த தோல் உண்டு. இவ்வகை வௌவால்கள் மூக்குத்துளை வழியாக எழுப்பும் மீயொலியை அத்தோல் மடிப்பு ஒருமுகப்படுத்தி அனுப்புகிறது. திரும்பும் எதிரொலியைக் கொண்டு இருட்டில் பூச்சியைப் பிடிக்கின்றன.

முதலில் கோலார் மாவட்டத்தில் தேரஹள்ளி, அனுமனஹள்ளி என்ற இரண்டு ஊர்களில் இது அறியப்பட்டிருந்தது. பிற்காலத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடியபோது தேரஹள்ளியில் ஒன்றுகூட இல்லை. மிஞ்சியது அனுமனஹள்ளியில் கருங்கல் குன்றுக்கு அடியில் உள்ள ஒரே குகை. அதில் ஏறத்தாழ 150 முதல் 200 வௌவால்கள். 2016-இல் சிவப்புப் பட்டியல் இதை ‘மிக அருகிய’ இனமாக வகைப்படுத்தியது. காரணம் வேட்டையல்ல, கல். சமையலறை மேடைக்கும் கல்லறைக்கும் போகும் கிரானைட்டுக்காகச் சட்டத்துக்குப் புறம்பாகக் குன்று உடைக்கப்பட்டது. வெடி வைத்தால் குகை அதிரும். குகை போனால் இனமே போகும். பேட் கன்சர்வேஷன் இந்தியா டிரஸ்ட் போன்றவற்றின் முயற்சியால் கல்லுடைப்பு நின்று, குகையைச் சுற்றி 30 ஏக்கரை அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தது.

சட்டம் வௌவாலைக் கண்டுகொண்ட கதை தனி. 1972 சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் காக்கை, எலியோடு தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. மேகமலையில் முதலில் பிடிபட்ட சலீம் அலி பழவௌவால், பெளகாவி மாவட்டத்துப் பாராபெடே குகையில் வாழும் ரௌட்டன் வௌவால் என்ற இரண்டுக்கு மட்டுமே முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. தீங்குயிர்ப் பட்டியல் ஒழிந்தது 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

ஒரே இடத்தில் ஒடுங்கிய இனத்தை மீட்க முடியுமா என்றால், வடக்கு ஐரோப்பாவில் பின்லாந்து ஒரு விடை வைத்திருக்கிறது. சைமா என்னும் நன்னீர் ஏரியில் மட்டும் வாழும் வளையச் சீல் 1980-களில் இருநூறுக்கும் கீழே போயிற்று. குட்டிகள் வளரும் பருவத்தில் வலைமீன்பிடிப்பை நிறுத்தினார்கள். பனி குறைந்த ஆண்டுகளில் தன்னார்வலர்கள் ஏரியின் மேல் பனியைக் கூட்டி, சீல் வளை தோண்டுவதற்கு மேடு அமைத்துக் கொடுத்தார்கள். இன்று எண்ணிக்கை நானூறைத் தாண்டிவிட்டது. பணக்கார நாட்டின் கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. பனி குவிக்க மண்வெட்டி போதும். இங்கே குன்றை உடைக்காமல் இருக்க அதுவும் வேண்டாம்.

விடுமுறை நாளில் கோலார்க் குன்றுகளில் ஏறுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குகை வாயைக் கண்டால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே டார்ச் அடிக்க வேண்டாம், புகை போட வேண்டாம்.